கமலாவதியின் வாயும் கன்ரர் லொறியின் சைலன்சரும்

கோப்பாயில் கமலாவதியின் வாயைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவள் வேலியடியில் நின்று கதைக்கத் தொடங்கினால் இரண்டு வீட்டிலும் உலை வற்றிச் சட்டி கருகும் என்பார் ஒருவர். அவள் வந்திருக்கிற கல்யாண வீட்டில் மேளகாரருக்கு வேலையில்லை என்பார் இன்னொருவர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியாது என்பார்கள். அந்த ஊர் வாயே அவளைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் போகும். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். "கடவுள் எனக்கு நகை தரேல்லை, நிலம் தரேல்லை, வாயைத் தந்தவர். தந்ததைப் பாவிக்காட்டில் அவருக்குக் கோவம் வரும்" என்று சொல்லிவிட்டு மிச்சத்தைத் தொடருவாள்.

அப்பேர்ப்பட்ட வாய் இரண்டு வருடம் மூடிக் கிடந்தது. மூடவைத்தது ஒரு லொறிச் சைலன்சர்.

அவளின் புருசன் தில்லையம்பலம் அவளுக்கு நேர் எதிர். ஒரு நாள் முழுவதும் அவர் கதைக்கிற கதையை ஒரு வெற்றிலைக்குள் மடித்துவிடலாம். கோப்பாய், நீர்வேலிப் பக்கத்துத் தோட்டங்களில் விளைகிற பீற்றூட், வெங்காயம், வாழைக்குலை எல்லாவற்றையும் தன் பழைய கன்ரர் லொறியில் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் ஏற்றிப் போவது அவரின் தொழில். யுத்த காலத்துப் பெரிய இடப்பெயர்வில் நாவற்குழிப் பக்கம் விழுந்த செல் குண்டு ஒன்று அவரின் வலது காதைக் கொண்டுபோய்விட்டது. அது ஊருக்கே தெரிந்த சங்கதி. இடது காது தப்பியது. லொறியில் சாரதிக்கு இடது கைப்பக்கம்தானே மற்ற ஆள் இருப்பது? "பாத்தியளே, எனக்கெண்டே ஒரு காதை விட்டுவைச்சிருக்கிறார் பிள்ளையார்" என்பாள் கமலாவதி.

ஆம், அந்த இருக்கை அவளுடையது. லொறியில் கிளீனராக இருந்தவன் கட்டாருக்குப் போய்விட்டான். வேறு ஆள் தேடித் தில்லையம்பலம் நாலு பக்கமும் அலைந்தார். ஒருவரும் கிடைக்கவில்லை. ஒரே மகள் ஆரணி கல்யாணம் முடித்துப் பிரான்சுக்குப் போயிருந்தாள். வெறும் வீட்டில் சுவரோடு கதைத்துக்கொண்டிருந்த கமலாவதி ஒருநாள் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு லொறியில் ஏறிவிட்டாள். "பொம்பிளை ஒருத்தி லொறியிலை கிளீனரோ?" என்று ஊர் கேட்டது. "ஏன், லொறி என்ன ஆம்பிளையோ?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

வேலையை நன்றாகவே பழகினாள். பாரத்தை மூடிப் படங்கு இழுத்துக் கட்டுவாள், சாக்குகளை எண்ணி ஏற்றுவாள். ஒடுங்கின ஒழுங்கைகளில் லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது இறங்கிப் போய்ப் பக்கப் பலகையில் கையால் தட்டுவாள். ஒருக்கால் தட்டினால் நிற்பாட்டு, அடுத்தடுத்து இரண்டு தட்டினால் வரட்டும். அந்தத் தட்டுக்கு லொறி அவள் சொன்னபடி கேட்கும்.

ஆனால் அவளுக்கு லொறி பிடித்தது அதனால் அல்ல. பிறந்த வீட்டில் "வாயை மூடடி" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் வாங்கின் மேல் ஏற்றி நிற்கவைத்தார்கள். மாமியார் சாகக் கிடந்தபோதும் கடைசியாகச் சொன்னது "பிள்ளை, கொஞ்ச நேரம் பேசாமல் இரு" என்பதுதான். வாயை மூடு என்று ஒருநாளும் சொல்லாத ஒரே மனிதர் தில்லையம்பலம். கைதடி தாண்டமுன் அவள் ஊர்ப் புதினம் முடிப்பாள். சாவகச்சேரியில் சொந்தக்காரரின் குற்றம் குறை தொடங்கும். கொடிகாமத்தில் ஆரணியின் மாமியாரைப் பிடித்தால் பரந்தன் வரை விடமாட்டாள். அவர் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி "ஓம்" என்பார், "அதுதானே" என்பார், எப்போதாவது தோள் குலுங்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக அவள் வவுனியா என்ன, கொழும்பு வரை கதைத்துக்கொண்டு போவாள். அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து அந்தக் காது.

அப்படி இருக்கும்போதுதான், ஒருநாள் நெல்லியடியில் பாரம் இறக்கிவிட்டு வருகிற வழியில், தில்லையம்பலம் சொல்லாமல் கொள்ளாமல் லொறியை றஞ்சித்தின் கராஜுக்குள் விட்டார். றஞ்சித், பெடியளின் கார்களுக்கும் வான்களுக்கும் பெரிய சைலன்சர் பூட்டிக் கொடுப்பதில் பேரெடுத்தவன்.

"றஞ்சித், உந்தச் சைலன்சரைக் கழட்டிப்போட்டு நேர்க்குழாய் ஒண்டு போட்டுவிடு. பெடியளுக்குப் போடுறியே, அது" என்றார் தில்லையம்பலம்.

றஞ்சித் விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன அண்ணை, இரண்டாம் கலியாணம் ஏதும் பேசி வந்திருக்கோ?"

கமலாவதியும் சேர்ந்து சிரித்தாள். தில்லையம்பலம் சிரிக்கவில்லை. றஞ்சித்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பகிடி விடவில்லை என்று விளங்கியதும் றஞ்சித் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தான். நல்ல பெடியன். ஏமாற்றத் தெரியாதவன்.

"அண்ணை, உள்ளதைச் சொல்லுறன். உங்கடை எஞ்சினுக்கு உது தேவையில்லாத வேலை. புகை போற வழியைத் திறந்துவிட்டால் வண்டி பறக்குமெண்டு பெடியள் நினைக்கிறாங்கள். பாரம் இழுக்கிற டீசல் லொறிக்கு உதாலை இழுவை கூடப்போறதில்லை. டீசலும் மிஞ்சாது. சிலவேளை கூடத்தான் குடிக்கும். சில பேர் எயர் கிளீனர் பெட்டியையும் கழட்டிப்போட்டுக் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர் வைக்கச் சொல்லுவினம். எங்கடை செம்மண் புழுதிக்கு அதை வைச்சால் எஞ்சின் மண் தின்னும்."

"சத்தம்?" என்று கேட்டார் தில்லையம்பலம்.

"சத்தம் வரும். அது மட்டும் உறுதி."

"எதுக்குக் கூடச் சத்தம்? குழாய்க்கோ, ஃபில்டருக்கோ?"

"ரெண்டையும் பூட்டினால், அண்ணை, உள்ளுக்கை ஒராள் கதைக்கிறது மற்றாளுக்குக் கேக்காது."

"அப்ப ரெண்டையும் பூட்டு."

கமலாவதிக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கென்ன விசரோ? அந்தப் பெடியன்தான் ஒண்டுக்கும் உதவாதெண்டு சொல்லுறானெல்லே? கண்டறியாத சைலன்சர்! பேரப்பிள்ளை காணப்போற வயசிலை உப்பிடி ஒரு குமர்க்கோலமோ?"

தில்லையம்பலம் அவள் பக்கம் திரும்பினார். "கமலம், உதிலை மட்டும் நீ வாய் வைக்காதை" என்றார்.

கல்யாணம் முடித்த நாள் தொட்டு அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்ததில்லை. கமலாவதி போய் ஒரு பழைய ரயரின் மேல் குந்திவிட்டாள்.

பூட்டி முடித்து எஞ்சினை இயக்கியபோது கராஜின் தகரக் கூரை அதிர்ந்தது. வீதியில் போன மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கமலாவதி இரண்டு காதையும் பொத்தினாள். தில்லையம்பலத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தேர் இருப்பிடத்துக்கு வந்து சேர்ந்ததைக் கண்ட மாதிரி ஒரு முகம். கியரை மாற்றினார், எஞ்சின் உறுமியது, தலையை ஆட்டினார். மறுபடி மாற்றினார். கண் கலங்கியிருந்தது. புகை பட்டிருக்கும் என்று கமலாவதி நினைத்தாள். கோப்பாய் வந்து சேரும்வரை அவள் தொண்டை கிழியப் பேசிக்கொண்டே வந்தாள். அவர் ஒருக்காலும் அவள் பக்கம் திரும்பவில்லை.

ஊருக்கு அவல் கிடைத்தது. "தில்லை அண்ணைக்கு இளமை திரும்பிட்டுது", "லொறி வாறதுக்கு முன்னம் சத்தம் வந்து மரக்கறியை இறக்கிப்போட்டுப் போகுது" என்றெல்லாம் கதை. அதெல்லாவற்றையும் கமலாவதி தாங்கினாள். தாங்கமுடியாதது கிளிநொச்சிச் சந்தையில் நடந்தது.

அங்கே மரக்கறி மொத்தமாக எடுக்கிற பிரகாஸ், லொறியின் சத்தத்தைக் கேட்டு வெளியே ஓடி வந்தான். நாலு பேர் கூடி நின்றார்கள். அவன் எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு விளங்கிட்டுது! அக்காவின்ரை வாய் தாங்கேலாமல்தானே அண்ணை உதைப் பூட்டினவர்! உண்மையோ பொய்யோ, நீங்களே சொல்லுங்கோ அண்ணை!" என்றான். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கமலாவதி தில்லையம்பலத்தைப் பார்த்தாள். "போடா" என்று ஒரு சொல் சொல்வார் என்று பார்த்தாள். அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். "ஓம், ஓம்" என்று தலையையும் ஆட்டினார்.

கராஜில் நடந்ததெல்லாம் அவளுக்கு நினைவில் வந்தது. சத்தம் வருமோ என்று கேட்டது, எதுக்குக் கூடச் சத்தம் என்று கேட்டது, வாய் வைக்காதை என்றது எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றன. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? இவ்வளவு காலமும் அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வாயை மூடு என்று சொல்ல மனமில்லாமல், ஒரு குழாயைப் பூட்டிச் சொல்லியிருக்கிறார்.

அன்றோடு கமலாவதி வாயை மூடினாள்.

கோபத்தில் ஒரு நாள், இரண்டு நாள் என்றால் வேறு. இது கோபமில்லை. தான் ஒரு தொல்லை என்று தெரிந்த பிறகு மனுசி எப்படி வாயைத் திறப்பாள்? லொறியில் ஏறுவாள், வேலையைச் செய்வாள், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். வீட்டிலும் "சாப்பாடு கிடக்கு", "தண்ணி கொதிச்சிட்டுது" என்பதோடு சரி. அதைக்கூடக் கோப்பையை நீட்டித்தான் சொல்வாள். தில்லையம்பலம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருக்கால், ஒரே ஒருக்கால், "என்னப்பா, ஏன் கதைக்கிறாயில்லை?" என்று கேட்டிருந்தால் போதும், அவள் அணை உடைத்துக்கொண்டு வந்திருப்பாள். கேட்கவேயில்லை. அது அவளுக்கு இன்னும் நல்ல சாட்சியாகிப் போனது.

பிரான்சிலிருந்து ஆரணி எடுத்தால் அவர் போனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "அம்மாவோடை கதை" என்று நீட்டிவிடுவார். பெற்ற பிள்ளையின் கதையும் புளித்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொள்வாள் கமலாவதி. ஆரணியோடு மட்டும் இரகசியம் போல அடித்தொண்டையில் கதைப்பாள். "ஏனம்மா உங்கடை குரல் உப்பிடி ஒடுங்கிப்போச்சு?" என்று பிள்ளை கேட்பாள். "வயசு போகுதெல்லே" என்பாள் இவள்.

லொறிக்கும் நல்ல காலமில்லை. றஞ்சித் சொன்னது ஒன்றும் பொய்க்கவில்லை. பாரத்தோடு மேட்டில் ஏறும்போது முன்பு இழுத்ததைவிட ஒரு முழம்கூட அதிகம் இழுக்கவில்லை. கறுத்த புகை தள்ளியது. செம்மண் புழுதி பறக்கிற காலத்தில் அந்தக் கூம்பு ஃபில்டர் சிவந்து அடைத்துப்போகும், எஞ்சின் எண்ணெய் குடிக்கும். பூசை நேரம் அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று கோயில்காரர் சொன்னார்கள். சாவகச்சேரியில் பொலிஸ் மறித்து ஏசி அனுப்பியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். இருந்தும் அவர் அதைக் கழற்றவில்லை. அந்த உறுமலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு, கியரைத் தவறாமல் மாற்றிக்கொண்டு, முன்னை மாதிரியே ஓட்டினார்.

அவளை எல்லாவற்றிலும் கூட வதைத்தது வேறொன்று. அவள் வாயே திறக்காமல் இருக்கும்போது அவர் இடைக்கிடை "ஓம்" என்பார். "அதுதானே" என்பார். ஒருநாள் தோள் குலுங்கச் சிரிக்கவும் செய்தார். முதல் தரம் அவள் திடுக்கிட்டுப் போனாள். பிறகு விளங்கியது. பகிடி பண்ணுகிறார். வாய்க்காரி வாயடைத்துப்போய் இருக்கிறாள் என்று நையாண்டி. இப்படியும் ஒரு மனுசனோ என்று முகத்தை வெளியே திருப்பிக் கண்ணைத் துடைப்பாள்.

கன காலம் இப்படியே ஓடியது. சாரதிப் பத்திரம் புதுப்பிக்க வைத்தியச் சான்றிதழ் எடுக்கவேண்டிய நாள் கிட்டி வந்தது. தில்லையம்பலம் அதைப் பற்றிக் கதைக்காமல் தட்டிக் கழித்துக்கொண்டு திரிந்தார். அந்த நாட்களில் ஒரு மத்தியானம், கிளிநொச்சியில் பாரம் இறக்கிவிட்டு வெறும் லொறியோடு இருவரும் திரும்பி வந்தார்கள். பரந்தன் கழிந்தது. அவர் வீதியைப் பார்த்தபடி, "ஓம் கமலம், நீ சொல்லுறது சரி" என்றார்.

அவள் விடிந்ததிலிருந்து ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை.

வழமையாக முகத்தைத் திருப்புகிறவள் அன்று திருப்பாமல் அவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் பகிடி இல்லை. பரீட்சை மண்டபத்தில் இருக்கிற பிள்ளையின் முகம் போல, மறுமொழி பிழையாகிவிடுமோ என்ற பயம் மட்டும் இருந்தது. கமலாவதி முன்பலகையில் கையால் ஒருக்கால் தட்டினாள். லொறி ஓரமாய் நின்றது. அவள் எட்டித் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிற்பாட்டினாள்.

ஆனையிறவு. இரண்டு பக்கமும் தண்ணீர். காற்றைத் தவிர வேறு சத்தமில்லை. அவள் தன் முகம் அவருக்குத் தெரியாதபடி வெளியே பார்த்துக்கொண்டு, சாதாரணக் குரலில் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, பின்ரயர் வெடிச்சுப் போச்சு."

"ஓம்" என்றார் தில்லையம்பலம், அவள் பார்த்த பக்கத்துத் தண்ணீரைப் பார்த்தபடி. "வடிவாத்தான் கிடக்கு."

அவள் இன்னும் கொஞ்சம் உரத்துச் சொன்னாள். "நான் உங்களை விட்டிட்டுப் போகப்போறன்."

"ஓம், அதுதானே" என்றார் அவர்.

கமலாவதி திரும்பினாள். இரண்டு கையாலும் அவரின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "உங்களுக்குக் கேக்குதில்லை. ஐயோ! உங்களுக்குக் கேக்குதில்லை, என்ன?"

அவளின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் கண் நிரம்பி வழிந்தது. பிடிபட்டுவிட்டார். அவமானமும் ஆறுதலும் சேர்ந்து வந்த அழுகை. ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.

"கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு கமலம். முதல் எஞ்சின் சத்தம் கேக்காமல் போச்சு. எஞ்சின் கேட்டால்தானே கியர் போடலாம்? ரெண்டு முறை பிழையாப் போட்டிட்டன். சொன்னால் லைசன்ஸ் தரமாட்டினம். லொறி இல்லாட்டில் என்ன செய்யிறது? சத்தத்தைக் கூட்டினால் கேக்குமெண்டு றஞ்சித்தட்டைப் போனன். கேட்டுது. அண்டைக்கு எஞ்சின் கேட்டுது கமலம், எனக்கு அழுகை வந்திட்டுது. ஆனால்…" அவர் மூக்கைத் துடைத்தார். "ஆனால் அதோடை உன்ரை குரல் போச்சு. லொறிக்குள்ளையும் இல்லை, வீட்டையும் இல்லை. அடியோடை போச்சு. முதல் உன்ரை குரலாவது கொஞ்சம் விளங்கிக்கொண்டிருந்தது. இனிக் காது முடிஞ்சுதெண்டு விளங்கிட்டுது. உன்னைத் திரும்பிப் பாக்கப் பயம். பாத்தால் நீ ஏதும் கேட்டுப்போட்டு மறுமொழிக்குப் பாத்துக்கொண்டு இருப்பாயோ எண்டு பயம். அதுதான் ஓம் ஓம் எண்டு சொல்லிக்கொண்டு வந்தன்."

அவளின் கையைப் பிடித்தார். "பாவம் நீ. கேளாதவனுக்கு இவ்வளவு காலமும் தொண்டை நோகக் கதைச்சுக்கொண்டு வந்திருக்கிறாய்."

கமலாவதி வாயைத் திறந்தாள். பிறகு அதை மூடிக்கொண்டு, சீலைத் தலைப்பால் அவரின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அடுத்த கிழமையே அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஓர் அறைக்குள் அவரை இருத்தி, காதில் எதையோ மாட்டிச் சோதித்தார்கள். டொக்டர் இளம்பிள்ளை. ஆரணியின் வயதுதான் இருக்கும். கடதாசியைப் பார்த்தபடி கமலாவதியைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"அம்மா, வலது காது பழைய சேதம். இடது காதும் கன நாளாக் குறைஞ்சு வந்திருக்கும். ஆனால் இந்தளவுக்குப் போனது கிட்டடி நாளிலை எண்டுதான் நினைக்கிறன். ஏதும் பெரிய சத்தத்துக்குள்ளை வேலை செய்யிறவரோ?"

கமலாவதி சைலன்சரைப் பற்றிச் சொன்னாள். டொக்டர் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "அந்த நேரமே கூட்டிக்கொண்டு வந்திருந்தால் காதுக்கு மெசின் போட்டிருக்கலாமம்மா. நீங்கள் கதைக்கிறது நல்லா விளங்கியிருக்கும்."

"இனிப் போட்டால்?"

"போடலாம். சத்தம் கேக்கும். கதை விளங்கிறது கஷ்டம்."

"பிள்ளை," என்றாள் கமலாவதி. "மெசின் ஒண்டும் இல்லாமல், வீட்டிலை, பக்கத்திலை இருந்து ஒராள் கதைச்சிருந்தால், அந்த நேரம் இவருக்குக் கேட்டிருக்குமோ?"

"பக்கத்திலையெண்டால் கேட்டிருக்கும். அப்பிடிக் கதைச்சிருந்தால் குறைஞ்சுகொண்டு போறதையும் நீங்கள் முதலே கண்டுபிடிச்சிருப்பியள். ஏனம்மா, வீட்டிலை ஒருத்தரும் அவரோடை கதைக்கிறதில்லையோ?"

அந்தப் பிள்ளை ஒரு குத்தலும் இல்லாமல்தான் கேட்டது. கமலாவதி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவளின் குரல் அவரின் காதை விட்டுப் போகவில்லை. அவள்தான் கொடுக்கவில்லை. இருந்த காதுக்கு ஒரு சொல் கொடுக்காமல், அது சாகும்வரை பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். சந்தையில் ஒரு பெடியன் விட்ட பகிடிக்கு, கேட்காமல் சிரித்த ஒரு சிரிப்புக்கு. கண்ணாடிக்கு அப்பால் தில்லையம்பலம் அவளைப் பார்த்து, எல்லாம் சரிதானே என்று கண்ணால் கேட்டார். சரி என்று அவள் தலையாட்டினாள்.

லொறியை விற்பதென்று முடிவாயிற்று. விற்கமுன் றஞ்சித்தைக் கூப்பிட்டுப் பழைய சைலன்சரையும் எயர் கிளீனர் பெட்டியையும் திரும்பப் பூட்டுவித்தாள். "நான் அண்டைக்கே சொன்னனானெல்லே அக்கா, உதாலை ஒரு பிரயோசனமும் இல்லையெண்டு" என்றான் றஞ்சித். "ஓமடா தம்பி, நீ சொன்னனீ" என்றாள். அவனுக்கு வேறென்ன சொல்வது? வாங்கினவன் வந்து எஞ்சினை இயக்கி, ஒழுங்கையால் லொறியை மெதுவாக எடுத்துக்கொண்டு போனான். தில்லையம்பலம் வாசல் படலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். லொறி மறைந்த பிறகும் நெடுநேரம் அங்கேயே நின்றார்.

அன்று பின்னேரம் கமலாவதி குசினி வாசலில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள். தில்லையம்பலம் வந்து நிலத்தில் அவளுக்கு முன்னால் சப்பணமிட்டு இருந்தார்.

"கமலம், ஒண்டு கேக்கோணும்."

அவள் நிமிர்ந்தாள்.

"இந்த ரெண்டு வருசமும் லொறிக்குள்ளை நீ கதைச்சதெல்லாம் எனக்கு வீணாப் போச்சு. அதை நினைக்கத்தான் பொறுக்கேலாமல் கிடக்கு. காது போனது போகட்டும். இனி ஓடுறதுக்கு லொறியும் இல்லை, எனக்கு நேரம் கிடக்கு. முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தால் ஆறுதலாச் சொல்லுறது விளங்கும். என்னென்ன கதைச்சனீ? முதல்நாளிலை இருந்து சொல்லு."

உண்மை ஒரே வரியில் சொல்லி முடிக்கக்கூடியது. சொன்னால் என்ன நடக்கும் என்று கமலாவதிக்குத் தெரியும். தன் காது அப்போது போகவில்லை என்று அந்த மனிதர் அறிவார். பக்கத்தில் இருந்த பெண்சாதி தன்னை வெறுத்து, வாயே திறக்காமல் இருந்தாள் என்று அறிவார். குரல் கேட்காமல் போனதாவது காதின் குற்றம் என்று அவரிடம் மிஞ்சியிருக்கிற ஆறுதலும் போய்விடும்.

அவள் முருங்கைச் சுளகைத் தள்ளி வைத்தாள். பலகைக் கட்டையை இழுத்து அவருக்கு நேரே போட்டுக்கொண்டு, வெளிச்சம் தன் முகத்தில் படும்படி திரும்பி இருந்தாள்.

"முதல்நாள்," என்று உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள், "கோப்பாய் வரும்வரைக்கும் உங்களை நல்லா ஏசினனான். கண்டறியாத சைலன்சர் எண்டு."

அவர் சிரித்தார். "அது தெரியும். பிறகு?"

"பிறகு…" சொல்லுக்கு ஒருநாளும் பஞ்சம் அறியாதவள் ஒவ்வொன்றாகத் தேடினாள். அந்தக் கண்ணாடிக்கு வெளியே தனியாகப் பார்த்துக்கொண்டு வந்ததையெல்லாம் தேடினாள். "பிறகு ஒருநாள் ஆனையிறவிலை, உப்பு விளைஞ்சு வெள்ளை வெளேரெண்டு கிடந்தது. பாருங்கோ, பாருங்கோ எண்டு சொன்னனான்."

தில்லையம்பலம் அவளின் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் பாத்தனானோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றாள் கமலாவதி. "பாத்தனீங்கள்."